பத்தொன்பது மில்லிமீட்டர்

திருப்பதி
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு யமுனா எழுதுவது,

ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பிரித்திகா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் கால் எப்படி இருக்கிறது?

போனில் சொல்லிவிடலாம் என்று நான்கு நாள் முயன்று பார்த்தேன். நம் வீடு பாறைக்குப் பின்னால் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருக்கிறவரை நீங்கள் "ஆங்? ஆங்?" என்பதும் நான் கத்துவதும்தான் மிச்சம். அதனால் இந்தப் பைக்குள் கடிதம் வைத்து, சித்தூர் பஸ்ஸில் கண்டக்டராக வருகிற பாலையா அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்களும் பதிலை அவரிடமே கொடுங்கள்.

லேபில் புது வேலை வந்திருக்கிறது. மூலிகைச் சாறு புண்ணில் சீழ் வைக்கிற கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் பிரபாகர் சார் ஒவ்வொருவரிடமும் "உங்க ஊர்ல புண்ணுக்கு என்ன கட்டுவாங்க?" என்று கேட்டார். மாட்டுக்குக் குளம்பில் புண் வந்தால் நாம் அரைத்துக் கட்டுகிற பாறைப் பச்சிலையைச் சொன்னேன். சாருக்கு அந்தப் பெயரே புதிது. உடனே கொண்டுவரச் சொன்னார்.

பாறை இடுக்கில் இருப்பதை மட்டும் பறித்து, நன்றாக அலசி, நிழலில் காயவைத்து அனுப்புங்கள் அண்ணி. தண்ணீரைத் தவிர வேறு எதுவும் அதில் படக்கூடாது.

அண்ணனுக்கு என் அன்பு. பிரித்திகாவுக்கு முத்தம்.

யமுனா

*

2 பிப்ரவரி

யமுனாவுக்கு வசந்தா அண்ணி எழுதுவது,

பாறை ஏறியதில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். மற்றபடி எல்லோரும் சுகம்.

அவ்வளவு பெரிய காலேஜில் பாறை ஏற ஓர் ஆள் கிடைக்கவில்லையா உங்கள் சாருக்கு? கேட்டது நாத்தனார் ஆயிற்றே என்று ஏறினேன். பக்கத்து வீட்டு வெங்கடம்மா கீழே நின்று, "இந்த வயசுல இன்னாடி குரங்கு வேலை" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

உன் அண்ணன் காலைக் கேட்டாய். போன மாங்காய் சீசனில் பழக் கூழ் செய்கிற பல்ப் கம்பெனியில் வலது கால்மேல் கிரேட் பெட்டி விழுந்த புண் இது. சுகர் உடம்பு, ஆறாமல் இழுக்கிறது. செவ்வாய், வெள்ளி சித்தூருக்குப் போய் டிரெஸ்ஸிங் செய்துகொள்கிறோம். டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சின்ன ஸ்கேல் வைத்து அளந்து சீட்டில் எழுதுகிறார். பொங்கலுக்கு முன்னால் இருபத்தைந்து மில்லிமீட்டர். இந்த வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு. குறைகிறது என்று அந்தம்மாவுக்குச் சந்தோஷம். இவருக்குத்தான் பொறுமை இல்லை. "மாத்திரை துன்னு துன்னு வாயெல்லாம் கசக்குது, நாள் பூரா வரிசைல குந்திக்கினு இருக்கறதே பொழப்பா போச்சி" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வருகிறார். மே மாதம் சீசன் தொடங்குவதற்குள் இந்தக் கால் ஆறியாக வேண்டும், யமுனா. ஒரு காலால் யாரும் கிரேட் தூக்க முடியாது.

இலையை அனுப்பியிருக்கிறேன். திருப்பதிக்குப் போகிற பை, மரியாதையாகத்தான் அனுப்பியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

வசந்தா

*

20 பிப்ரவரி

என் அருமை அண்ணிக்கு,

முழங்கால் ஆறியதா? நான் சுகம் மட்டுமில்லை, மூன்று நாளாகத் தரையில் கால் பாவவில்லை.

கஞ்சி ஆடை போல உறைந்த ஒரு தட்டு. அதன்மேல் கிருமியைத் தடவுவோம். இலைச்சாற்றில் நனைத்த பொட்டு அளவு காகிதத்தை நடுவில் வைத்து, ஒரு நாள் கதகதப்பில் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வளர்ந்து மங்கலாகிவிடும். சாற்றுக்குச் சக்தி இருந்தால் காகிதத்தைச் சுற்றி மட்டும் கிருமி வராமல் கண்ணாடி போல ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தை அளப்போம். ஐந்தாறு ஊர்களிலிருந்து வந்த இலைகளுக்கு வளையமே இல்லை. நம் பாறைப் பச்சிலைக்குப் பத்தொன்பது மில்லிமீட்டர் அண்ணி. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தது அண்ணன் சாப்பிடுகிறாரே, அதே மாத்திரை மருந்து. அதற்கு இருபத்தொன்று. நம் இலை கிட்டத்தட்டச் சமமாக நிற்கிறது.

சாறு என்ன மஞ்சள் தெரியுமா? விரலில் பட்டால் சோப்புக்குக்கூடப் போகவில்லை. இத்தனை நாள் மாட்டுக்குக் கட்டினோம், இது நம் கண்ணில் படவே இல்லை.

பிரபாகர் சார் என் தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, "வெரி குட் யமுனா" என்றார். அவர் வாயிலிருந்து என் பெயர் வந்ததே முதல் தடவை.

அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

யமுனா

*

5 மார்ச்

யமுனாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் அண்ணனுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "மாத்திரைக்குச் சமம்" என்ற இடத்தை நான்காவது தடவையும் படிக்கச் சொன்னார். "நம்ம வூட்டுப் பின்னால இருக்கறத வுட்டுட்டு நாய் மாதிரி சித்தூருக்கு ஓடிக்கினு இருந்தோமே" என்றார். சமம் என்று நீ எழுதினால் சமமாகத்தானே இருக்கும்? நீ படித்தவள், கையால் செய்து கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறாய்.

காலைப் பற்றிக் கவலைப்படாதே. இப்போது முன்போல அலைச்சல் இல்லை.

பிரித்திகா உன்னைப்போல லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்க வேண்டுமாம். போய் நில்லடி என்றிருக்கிறேன்.

வசந்தா

*

28 மார்ச்

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

இத்துடன் இருக்கும் பத்திரிகைத் துண்டைப் பாருங்கள். தெலுங்கு பேப்பர், அண்ணன் படித்துச் சொல்லுவார். மூன்று பத்தி, பிரபாகர் சார் போட்டோ. சந்திரகிரிக் காட்டில் அவர் மாதக்கணக்காக அலைந்து திரிந்து இந்த மூலிகையைக் கண்டுபிடித்தாராம். மாத்திரைக்கு நிகராகப் புண்ணை ஆற்றுமாம். புண் என்ற பேச்சே லேபில் கிடையாது, தட்டில் கிருமியைத்தான் பார்த்தோம். நம் ஊர் பெயர் இல்லை. உங்கள் பெயர் இல்லை. ஒரு மாதம் தட்டு தட்டாகக் கழுவி, ஊற்றி, அளந்த என் பெயரும் இல்லை.

போய்க் கேட்டேன். "உங்க ஊர் பேரு யாருக்கும்மா தெரியும்? சந்திரகிரின்னா கோட்டையாவது தெரியும்" என்றார். ரூமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கிரண்குமார் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சாரிடம் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவன், வாய் திறக்க மாட்டான்.

இதில் இன்னொரு பை இலை வேண்டுமாம். சோதனையைத் திரும்பச் செய்து காட்டினால்தான் பெரிய பத்திரிகையில் கட்டுரை வருமாம். கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புங்கள்.

போன கடிதத்தில் கால் அளவு எழுதவில்லையே அண்ணி. டாக்டரம்மா இப்போது எத்தனை என்கிறார்?

யமுனா

*

14 ஏப்ரல்

யமுனாவுக்கு,

வருஷப்பிறப்பு நாளில் ஒருவரையும் திட்டக்கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை.

சந்திரகிரிக் கோட்டையை நான் பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி. உன் சார் இந்தப் பாறையை ஜன்னலிலும் பார்த்ததில்லை. முழங்கால் தேய்ந்தது எனக்கு, போட்டோ அவருக்கா? அவர் அலைந்த காட்டில் ஒரு முள்ளாவது அவர் காலில் குத்தியிருக்குமா? நாலு எழுத்துப் படித்துவிட்டால் அடுத்தவர் வீட்டுக் கொல்லையில் இருப்பதையும் தன் வீட்டுக் கொல்லை என்று எழுதிவிடலாம் போலிருக்கிறது. கேட்டால் சிரிப்பு வேறு.

உனக்காக இலை அனுப்புகிறேன். போன தடவைபோல எந்த மரியாதையும் இல்லை. வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்து அள்ளிப் போட்டிருக்கிறேன். அந்த ஆளுக்கு இது போதும்.

சார் சந்திரகிரி என்று எழுதினாலும் இலை எங்கே இருக்கிறது என்று ஊருக்குத் தெரியாதா? வெங்கடம்மா பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். பலமனேர் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள். ரங்கையா அவர் சம்சாரத்தின் முதுகுப் புண்ணுக்கு இரண்டு கூடை கொண்டு போனார்.

கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. எழுதுகிற கடிதத்தில் எல்லாம் அதையே கேட்காதே.

வசந்தா

*

6 மே

அண்ணிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாவது பை இலைக்கு வளையம் வரவில்லை. மூன்று தடவை செய்தேன். தட்டு முழுக்கக் கிருமி, காகிதத்தின் ஓரம்வரை வந்து உட்கார்ந்திருக்கிறது. சாறும் மஞ்சளாக இல்லை, குட்டைத் தண்ணீர்போல இருந்தது. சார் எல்லோர் முன்னாலும், "கை சுத்தம் இல்லாதவங்களை வேலைக்கு வெச்சா இப்படித்தான்" என்றார். முதல் தடவை தட்டு செய்ததும் இதே கைதான்.

ரூமுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். "வெறும் தண்ணீரில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் முதல் தடவை எந்தத் தண்ணீர்? சோப்புக்கும் போகாமல் விரலில் ஒட்டிய அந்த மஞ்சள் நிறம் ஞாபகம் வந்தது. மறுநாள் கடையில் மஞ்சள் தூள் வாங்கி, இலையே இல்லாமல் மஞ்சளை மட்டும் கரைத்துத் தட்டில் வைத்தேன். பதினெட்டு மில்லிமீட்டர்.

அண்ணி, அந்த இலை ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் மஞ்சள். அதுவும் தட்டில். தட்டில் கிருமி சாவதும் சுகர் உடம்பில் புண் ஆறுவதும் ஒன்றில்லை.

நீங்கள் அண்ணன் காலில் அந்த இலையைக் கட்டவில்லையே? கட்டவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

யமுனா

*

15 மே

அண்ணிக்கு,

பை காலியாகத் திரும்பி வந்தது. வீடு பூட்டியிருக்கிறது என்று பாலையா அண்ணன் சொல்கிறார். அண்ணன் போன் அணைந்திருக்கிறது. எங்கே இருக்கிறீர்கள்? சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். டிரெஸ்ஸிங் சீட்டில் பிப்ரவரி இருபத்தைந்துக்குப் பிறகு அண்ணன் பெயரே இல்லை என்கிறார்கள்.

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

யமுனா

*

வேலூர்
27 மே

யமுனாவுக்கு,

பாலையா பூட்டின கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. வெங்கடம்மா மகன் வேலூருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான்.

நீ கேட்ட ஒரு வரியை எழுத முடியாது. கட்டினோம். பிப்ரவரி கடைசியிலிருந்து கட்டினோம். மாத்திரையை எடுத்து அலமாரியில் வைத்தார். நானும் சரி என்றேன். முதல் பத்து நாள் வலி இல்லை என்றார். கால் மரத்துப்போனால் வலி எங்கே தெரியும்? எனக்கு அது தெரியவில்லை. ஏப்ரலில் நாற்றம் வந்தது. உனக்குக் கடிதத்தில் எழுத எனக்குப் பயம். பச்சிலை நாற்றம் என்று சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். மே பத்தாம் தேதி கட்டை அவிழ்த்தால் பெருவிரல் கரியாக இருந்தது. இங்கே கொண்டுவந்தோம். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்றியதே பெரிது என்கிறார்கள்.

மஞ்சளைக் கேட்டாய். உன் அண்ணனுக்கு அடிபட்ட அன்று மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாளுக்கு வைத்தேன். இந்தக் கால் ஆறுகிறவரை திருப்பதிக்குப் போகிற எதையும் மஞ்சள் தொடாமல் அனுப்புவதில்லை என்று வேண்டிக்கொண்டேன். அதனால் இலையை மஞ்சள் அரைத்துக் கரைத்த தண்ணீரில் அரை நாள் போட்டு எடுத்துத்தான் காயவைத்தேன். இரண்டாவது பைக்கு மட்டும், உன் சார்மேல் இருந்த கோபத்தில் வேண்டுதலை மீறினேன். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் படக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். மஞ்சளை யாராவது வேறு என்று நினைப்பார்களா?

நான் மூடம்தான். ஆனால் நீ? "மாத்திரைக்குக் கிட்டத்தட்டச் சமம்" என்று எழுதின கைக்கு, "காலில் கட்டாதே, மாத்திரையை நிறுத்தாதே" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காகிதத்தில் இடம் இருந்தது யமுனா. சாம்பாரைப் பற்றி எழுத இடம் இருந்ததே.

வசந்தா

*

திருப்பதி
10 ஜூன்

அண்ணிக்கு,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை வேலூரில் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் நீங்கள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள், நான் கிளம்புகிறவரை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இதற்கு மேல் என் பக்கம் சொல்ல ஒன்றும் கிடையாது. மஞ்சள் விரலில் ஒட்டிக்கொண்டு போகாதபோது, மஞ்சளில் வளர்ந்த எனக்கே அது மஞ்சள் என்று தெரியவில்லையே. உங்களை மூடம் என்று சொல்ல நான் யார்?

திருப்பதிக்கு வந்ததும் மூன்று தட்டுகளின் போட்டோவையும், கிருமி வளர்ந்த ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். மஞ்சளைச் சொன்னேன். அண்ணன் காலைச் சொன்னேன். பேப்பரில் தப்பு என்று ஒரு மறுப்புப் போடுங்கள், ஊர் ஊராக அந்த இலையைப் பறித்துக் கட்டுகிறார்கள் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லலையே. கட்டுரை போயாச்சு. வராத ரிசல்ட்டையெல்லாம் யாரும்மா எழுதுவாங்க?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கையில் இருந்த தட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். மூடியைத் திறந்து வைத்தேன். அது அங்கே செய்யவே கூடாத காரியம். கிருமி என்றதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடினார். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து கண்டுபிடித்தேன் என்று போட்டோ போட்டுக்கொண்டவர்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டுரை அனுப்பின பத்திரிகைக்கும் அந்தத் தெலுங்கு பேப்பருக்கும் நானே நடந்ததை எழுதிப் போட்டிருக்கிறேன். பேப்பர்காரர் போனில், "சார் சொன்னா போடுறோம்" என்றார்.

என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

யமுனா

*

20 ஜூலை

யமுனாவுக்கு,

ஊருக்கு வந்து மூன்று வாரமாகிறது. உன் அண்ணன் கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார். மாத்திரையை நானே எண்ணிக் கையில் வைத்து, விழுங்குகிறவரை நின்று பார்க்கிறேன். என் இடுப்பு வலி போய்விட்டது, கவனிக்க ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டதோ என்னவோ. ரங்கையாவிடம் சண்டை போட்டு அவர் சம்சாரத்தைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். வெங்கடம்மா சுவரில் இருந்த பேப்பரையும் கிழித்தாயிற்று. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. என்மேல் அதைவிட அதிகம் இருப்பதால் உன்னுடையதை அடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

நேற்று காலை ஒரு பையன் பைக்கில் வந்தான். கிரண்குமார் என்றான். கையில் அதே பை. உன் பை, நீ லேபிலேயே விட்டுவிட்டாய் போலிருக்கிறது. நமக்குள் போய்வந்த அந்தப் பையை எடுத்து வர அவர்களுக்கு எவ்வளவு தைரியம் பார். "இன்னாப்பா?" என்றேன். பையை என் பக்கம் நீட்டினான். பிறகு, "சோதனையைத் திரும்பச் செஞ்சு காட்டினாத்தான் கட்டுரை போடுவாங்களாம், சார் இன்னொரு பை கேட்டாரு ஆண்ட்டி. முதல் தடவை எப்படிக் குடுத்தீங்களோ, அதே மாதிரியே குடுக்கச் சொன்னாரு" என்றான்.

புரிகிறதா உனக்கு? மஞ்சள் போட்டு அனுப்ப வேண்டுமாம். தெரிந்தே. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்பத்தைத் தேடினேன் என்றே வைத்துக்கொள்.

அதற்குள் உள்ளேயிருந்து உன் அண்ணன், "வசந்தா, அந்தப் பையனை இப்படி வரச் சொல்லு" என்றார். கட்டிலில் உட்கார்ந்து காலைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அந்தக் காலைப் பிரித்திகாவுக்குக்கூடக் காட்டாதவர்.

"அளக்கற ஸ்கேல் வச்சிக்கினு இருக்கறியா?" என்று கேட்டார். அவன் சட்டைப் பையில் இருந்தது. "அள. விரல் இருந்த எடத்த அள. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரிக்கும்."

பையன் பின்னால் நகர்ந்தான். வேண்டாம் சார், வேண்டாம் சார் என்றான். இவர் விடவில்லை. "உங்க சாரு எதுனாலும் அளந்துதான நம்புவாரு? அளந்து எழுதிக்கினு போ. இதுவும் அந்த இலையோட ரிசல்ட்டுதான். பேப்பர்ல போடச் சொல்லு." கத்தவில்லை. பஸ்ஸுக்கு வழி சொல்லுகிற மாதிரிதான் சொன்னார்.

அவன் மண்டியிட்டு அளந்தான். சின்ன நோட்டில் எழுதினான். எழுதும்போதே அழுதுவிட்டான். நீ தட்டை வைத்துவிட்டுப் போனது, மஞ்சள் சோதனை, சார் சொன்னது எல்லாம் பேப்பர்காரருக்குத் தானும் எழுதிக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். போடுவானோ மாட்டானோ. பையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். துவைத்து, இந்தக் கடிதத்தை வைத்து பாலையாவிடம் கொடுக்கிறேன். இதை வைத்துக்கொண்டு நீ ஊருக்கு வந்துவிடு, உன் துணிமணிக்கு ஆகும்.

மஞ்சள் துணி முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. இன்னும் மூன்று விரல் இருக்கிறது.

கடிதத்துக்குக் கடிதம் அளவு கேட்டாய். ஐந்து மாதமாக நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்.

வசந்தா